மீட்டரை நம்புவதற்கு முன்

சைலன்சரை மாற்றிய கையோடு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்களின் புகார் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஆக்சிலேட்டரை விட்டால் பின்னால் பட்பட்டென்று வெடிக்கிறது, பிக்கப்பில் ஒரு திக்கல், டிராஃபிக்கில் நின்றால் தொடை வேகிறது. தீர்வையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "லீனா ஓடுதுண்ணே, ரீமேப் போட்டுடலாம்." லீன், அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு என்று எதை வைத்துச் சொல்கிறாய் தம்பி என்று கேட்டால், வீடியோவில் சொன்னார்கள் என்பார்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அளந்து பார்க்காமல் பெட்ரோலைக் கூட்டுவது, காய்ச்சலா என்று தொட்டுக்கூடப் பார்க்காமல் மாத்திரை கொடுப்பது போலத்தான்.

கார்புரேட்டர் காலத்தில் ப்ளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்தே கலவையைச் சொல்லிவிடும் மெக்கானிக்குகள் இருந்தார்கள். 2006-ல் கிளாமர் எஃப்.ஐ.யும் 2007-ல் பல்சர் 220-ம் வந்தபோது இன்ஜெக்‌ஷன் என்பது ஷோரூமில் நின்று வேடிக்கை பார்க்கிற சங்கதி. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு சாதாரண கம்யூட்டர் வண்டி வரை கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஒரு ஈ.சி.யூ., ஒரு இன்ஜெக்டர், பெண்ட் பைப்பில் ஒரு ஆக்சிஜன் சென்சார். இன்றைய பெட்ரோலில், இன்றைய ப்ளக்கில், நிறத்தை மட்டும் பார்த்து ஐந்து சதவீத வித்தியாசத்தை யாரும் சொல்ல முடியாது. இன்ஜெக்‌ஷன் டியூனிங்கோ அந்த ஐந்து சதவீதத்தைப் பற்றியதுதான்.

கம்பெனி மாட்டி அனுப்பும் சென்சார் இதற்கு உதவாதா? உதவும், ஆனால் அரைகுறையாக. அது நேரோபேண்ட் வகை. உள்ளே இருக்கும் சிர்கோனியா பீங்கான் முன்னூறு டிகிரிக்கு மேல் சூடானதும் ஒரு சிறு மின்னழுத்தம் தரும். கலவை ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக இருந்தால் 0.8, 0.9 வோல்ட், லீனாக இருந்தால் 0.1 வோல்ட். நடுவில் 0.45 வோல்ட் பக்கம் வரும்போது கலவை சரிசமம், அதாவது காற்றும் பெட்ரோலும் மிச்சமில்லாமல் எரியும் நிலை. சிக்கல் என்னவென்றால் அந்த நடுப்புள்ளியைச் சுற்றி அது சுவிட்ச் மாதிரி குதிக்கும். ரிச்சா லீனா என்று மட்டும் சொல்லும். எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்கிவிடும். நிதானமாக ஓடும்போது கலவையைச் சமநிலையில் பிடித்து வைக்க ஈ.சி.யூ.வுக்கு இது போதும். ஃபுல் திராட்டிலில் கலவையை வேண்டுமென்றே ரிச்சாக வைக்க வேண்டும். அங்கே இந்தச் சென்சாரின் பேச்சை ஈ.சி.யூ.வே கேட்பதில்லை.

டியூனிங் செய்ய வேண்டுமானால் வைட்பேண்ட் சென்சார் வேண்டும். உலகம் முழுக்கப் பரவலாகப் புழங்குவது பாஷ் கம்பெனியின் எல்.எஸ்.யூ. 4.9. இது தனியாக வேலை செய்யாது. கூடவே ஒரு கண்ட்ரோலர் இருக்க வேண்டும். கண்ட்ரோலர்தான் சென்சாரின் ஹீட்டரைச் சுமார் 780 டிகிரியில் பிடித்து வைத்து, உள்ளே ஆக்சிஜனைத் தள்ளவோ இழுக்கவோ எவ்வளவு கரண்ட் ஆகிறது என்று அளந்து, அதைக் கலவை எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. கப்ளரோடு சேர்ந்த ஒரு சின்ன ரெசிஸ்டர் அந்தக் குறிப்பிட்ட சென்சாருக்கென்றே ஃபேக்டரியில் அளந்து வைத்தது. ஒயர் நீளம் பத்தவில்லை என்று கப்ளரை வெட்டி வேறு ஒன்றை மாட்டினால் சென்சார் ஓடும், எண் மட்டும் தப்பாக வரும். நீட்ட வேண்டுமானால் எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்குங்கள்.

மாட்டுவதற்கு முன் வண்டி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். வால்வு கிளியரன்ஸ், ஏர் ஃபில்டர், ப்ளக், திராட்டில் பாடியின் அழுக்கு, திராட்டிலுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பரில் வெடிப்பு, பெட்ரோல் பம்பின் பிரஷர். பெரும்பாலான வண்டிகளில் பிரஷர் 3 பார் அளவில் இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று சர்வீஸ் மேனுவலில் இருக்கும். டேங்க் அடியில் ஃபில்டர் அடைத்துப் பிரஷர் விழுந்தால் ஃபுல் திராட்டிலில் லீன் காட்டும். அதைப் பார்த்து மேப்பில், அதாவது ஈ.சி.யூ.வின் பெட்ரோல் அட்டவணையில், பெட்ரோலைக் கூட்டினீர்களானால், நாளை யாராவது ஃபில்டரை மாற்றிய அன்றே வண்டி கரும்புகை தள்ளும்.

அடுத்து பெண்ட் பைப் ஜாயிண்ட். ஹெட்டில் பைப் உட்காரும் இடத்தில் இருக்கும் கேஸ்கெட் வளையம் ஒரு தடவை நசுங்கினால் நசுங்கியதுதான். சைலன்சர் மாற்றும்போது பழையதையே திருப்பிப் போட்டு நட்டை முறுக்கிவிடுவார்கள். அந்த இடைவெளியில் புகை வெளியே வருவது மட்டுமல்ல, புகை துடித்துத் துடித்துப் போவதால் ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் வெளிக்காற்று உள்ளேயும் இழுக்கப்படும். ஆக்சிலேட்டரை விட்டதும் கேட்கிற பட்பட் பெரும்பாலும் இதுதான்: எரியாமல் வந்த பெட்ரோல் ஆவி, உள்ளே இழுபட்ட காற்றோடு சேர்ந்து பைப்புக்குள் பற்றிக்கொள்கிறது. புது கேஸ்கெட் ஒன்று போட்டதும் புகாரில் பாதி போய்விடும். ஐடிலிங்கில் சைலன்சர் வாயைத் துணியால் லேசாக மூடிப் பிடியுங்கள். ஜாயிண்டில் புஸ்ஸென்று சத்தம் வந்தால் லீக் உறுதி. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பதானால் இன்ஜின் ஆறியிருக்கும்போது செய்யுங்கள்.

பல வண்டிகளில் இன்னொரு வில்லன் உண்டு. புகையைச் சுத்தமாக்குவதற்காக ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து ஒரு ஹோஸ் போய், எக்ஸாஸ்ட் போர்ட்டில் சுத்தக் காற்றைக் கலக்கும். செகண்டரி ஏர், ஏ.ஐ.எஸ்., பேர் வால்வு என்று கம்பெனிக்கு ஒரு பெயர். வைட்பேண்ட் வைத்து அளக்கும்போது அந்தக் காற்றையும் சென்சார் பார்க்கும். நல்ல கலவையையும் லீன் என்று சொல்லும். அளக்கிற நேரம் மட்டும் ஹோஸைக் கழற்றி இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு, வேலை முடிந்ததும் திருப்பி மாட்டுங்கள்.

இப்போது துளை போடும் வேலைக்கு வருவோம். இதில் அவசரப்படக் கூடாது, ஏனென்றால் எல்லாக் கணக்கும் இந்தத் துளையிலிருந்துதான் தொடங்குகிறது.

சின்ன வண்டிகளில் கம்பெனி சென்சார் பெரும்பாலும் 12 மி.மீ. மரையோடு வரும். எல்.எஸ்.யூ. 4.9-இன் மரை 18 மி.மீ., 1.5 பிட்ச். ஆகவே இருக்கிற ஓட்டையில் இதை மாட்ட முடியாது. அடாப்டர் கிடைக்கும் என்பார்கள். அதைப் போட்டால் சென்சாரின் மூக்கு புகை ஓடும் பாதைக்கு வெளியே ஒதுங்கிவிடும், புகை அதைத் தொட்டுத் திரும்புவதற்குள் இன்ஜின் பல சுற்று சுற்றியிருக்கும். சென்சாரைத் திருகுவதற்கான மரை போட்ட வளையமான பங் ஒன்றைப் புதிதாக வெல்டு வைப்பதே சரி. கம்பெனி சென்சாரை அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள். அதன் வேலை வேறு.

எங்கே வைப்பது? சிங்கிள் சிலிண்டர் வண்டியில் எக்ஸாஸ்ட் போர்ட்டிலிருந்து 30 முதல் 45 சென்டிமீட்டர், கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால். ரொம்பப் பக்கத்தில் வைத்தால் சென்சாரின் உடம்பு வெந்துபோகும். அதன் அறுகோணப் பகுதி 600 டிகிரியைத் தாண்டக் கூடாது. ரொம்பத் தூரத்தில், சைலன்சர் வாய்ப்பக்கம் வைத்தால் வெளிக்காற்று திரும்பி வந்து கலக்கும். குட்டை சைலன்சர் போட்ட வண்டியில் ஐடிலிங்கில் இந்தத் திரும்பல் பலமாக இருக்கும். சைலன்சர் வாயில் குழாயைச் சொருகி அளக்கும் முறையில் குறைந்த ஆர்.பி.எம். எண்களை நான் நம்புவதே இல்லை. கன்வெர்ட்டர் பெண்ட் பைப்பின் தொடக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் வண்டிகளும் இருக்கின்றன. அங்கே 30 சென்டிமீட்டர் எல்லாம் கிடைக்காது. கன்வெர்ட்டருக்கு முன்னால் கிடைக்கிற இடத்தில் வைத்து, சூட்டைக் குறைக்கப் பங்கைச் சற்று உயரமாகக் கடைந்து வாங்க வேண்டும். ரெட்டை சிலிண்டர் வண்டியாக இருந்தால், இரண்டு பைப்பும் சேர்ந்த இடத்தில் ஒரே சென்சார் வைப்பது சராசரியைத்தான் காட்டும். ஒன்று ரிச், இன்னொன்று லீன் என்று இருந்தாலும் மீட்டர் எல்லாம் நலம் என்று சொல்லும். ஒவ்வொரு பைப்பிலும் ஒரு பங் வைத்து, ஒரே சென்சாரை மாற்றி மாற்றிப் போட்டு அளந்தாலும் போதும்.

கோணம் தூரத்தைவிட முக்கியம். சென்சாரின் மூக்கு கீழே பார்க்க வேண்டும், வால் மேலே இருக்க வேண்டும். படுக்கை நிலையிலிருந்து குறைந்தது பத்து டிகிரியாவது தூக்கியிருக்க வேண்டும். கடிகாரத்தில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பைப்புக்குள் நீர் கோத்திருக்கும். சென்சார் பைப்பின் அடிப்பக்கம் இருந்தால் அந்த நீர் 780 டிகிரி பீங்கானில் விழும். விரிசல் விட்ட சென்சாருக்கு வைத்தியம் கிடையாது. வெளியிலிருந்தும் இதே ஆபத்து உண்டு. இன்ஜினுக்கு முன்பக்கம் இறங்கும் பைப்பில் வைத்தால் முன் டயர் வாரி இறைக்கும் மழைத் தண்ணீர் நேராக அங்கேதான் அடிக்கும்.

பங்கை வெல்டு வைப்பதற்கு முன் பைப்பை வண்டியில் மாட்டி, பங் உட்காரும் இடத்தில் மார்க்கர் பேனாவால் குறி போட்டு, சென்சாரைக் கையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு இன்னொருவர் முன்பக்கம் ஏறி அழுத்தி ஃபோர்க் முழுக்க இறங்கும்படி செய்யட்டும். மட்கார்டு சென்சாரை இடிக்கிறதா? ஹேண்டில் முழுக்க வலதும் இடதும் திரும்பும்போது ஒயர் இழுபடுகிறதா? சைடு ஸ்டாண்டு, பிரேக் பெடல், லெக் கார்டு? ஸ்பீடு பிரேக்கரில் தட்டுமா? ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் வெல்டிங் பட்டறைக்குப் போய், பிறகு மட்கார்டை வெட்டிக்கொண்டு நிற்கிற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

பங்கை ரெடிமேடாக வாங்கலாம். கோயம்புத்தூர் மாதிரி ஊரில் லேத் பட்டறையில் கடைந்து வாங்குவது அதைவிடச் சுலபம். ஸ்டெயின்லெஸ் பைப்புக்கு 304 ஸ்டெயின்லெஸ் பங், மைல்டு ஸ்டீல் பைப்புக்கு மைல்டு ஸ்டீல். வெல்டிங் ஆர்கானில்தான். குரோம் பூசிய பைப்பாக இருந்தால் அந்த இடத்தில் குரோமை முழுக்கத் தேய்த்து எடுத்த பிறகுதான் வைக்க வேண்டும். குரோம் புகை உடம்புக்கு ஆகாது, வெல்டும் நிற்காது. பைப்பைக் கழற்றாமல் வண்டியிலேயே வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வெல்டிங் கரண்ட் போகிற வழியில் உங்கள் ஈ.சி.யூ. இருக்கிறது. சூட்டில் பங்கின் மரை கோணிக்கொள்ளும் என்பதால், வெல்டு வைக்கும்போது ஒரு பழைய செத்துப்போன சென்சாரையோ 18 மி.மீ. போல்ட்டையோ உள்ளே திருகி வைக்கச் சொல்லுங்கள். ஆறியதும் 18×1.5 டேப்பை ஒரு முறை விட்டு எடுத்தால் போதும். பைப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வெல்டிங் துணுக்குகளைத் தட்டி எடுக்க மறக்காதீர்கள்.

சென்சாரை 22 மி.மீ. ஸ்பேனரில் போடுங்கள், 40 முதல் 60 நியூட்டன் மீட்டர் இறுக்கம். மரையில் மட்டும் ஆன்டி-சீஸ் பேஸ்ட். மூக்கில் படவே கூடாது. புது சென்சாரில் பேஸ்ட் தடவியே வரும். ஜாயிண்டுகளில் சாதாரண சிலிக்கான் பேஸ்ட்டைப் பூசும் பழக்கம் இருந்தால் இத்துடன் விட்டுவிடுங்கள். அதன் ஆவி ஆக்சிஜன் சென்சாருக்கு விஷம். நேரோபேண்ட், வைட்பேண்ட் இரண்டையுமே கொல்லும். மூக்கில் வெள்ளை வெளேரென்று மாவு படிந்த சென்சாரைக் கண்டால் முதலில் சிலிக்கானைச் சந்தேகப்படுங்கள். கறுப்புக் கரியாக இருந்தால் ரிச். எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் பிஸ்டன் ரிங்கையும் வால்வு சீலையும் பாருங்கள், சென்சார் மேல் தப்பில்லை.

ஒயரிங்கில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை, எர்த்தைத் தவிர. கண்ட்ரோலருக்கு இக்னிஷனில் ஆன் ஆகும் ரிலே வழியாக பேட்டரியிலிருந்து நேராக பியூஸோடு கரண்ட் கொடுங்கள். ஹெட்லைட் ஒயரில் கொக்கி போடாதீர்கள். ஹீட்டர் ஆரம்பத்தில் இரண்டு மூன்று ஆம்பியர் வரை இழுக்கும், சின்ன பேட்டரிக்கு அது கனம். சாவியைப் போட்டதும் ஸ்டார்ட் செய்துவிடுங்கள். சாவி ஆனில் இன்ஜின் ஓடாமல் ஹீட்டர் மட்டும் எரிவது பேட்டரிக்கும் கெடுதல், நீர் கோத்த சென்சாருக்கும் கெடுதல். ஹீட்டர் எர்த் பேட்டரி நெகட்டிவுக்குப் போகட்டும். சிக்னல் எர்த், நீங்கள் எண்ணைப் பதிவு செய்யும் ஈ.சி.யூ. அல்லது லாகருடைய சென்சார் எர்த்தோடு சேரட்டும். இரண்டையும் ஃபிரேமில் எங்கோ ஒரு போல்ட்டில் சேர்த்துக் கட்டினால் என்ன ஆகும்? கண்ட்ரோலர் 0 முதல் 5 வோல்ட்டை 10 முதல் 20 வரை எண்ணாகச் சொல்கிறது என்றால், எர்த்தில் 0.1 வோல்ட் தூக்கினாலே 0.2 எண் பிசகும். கண்ட்ரோலரின் டிஸ்ப்ளேயில் ஒரு எண், லாகில் வேறு எண் என்று வந்தால் தேட வேண்டிய முதல் இடம் இதுதான்.

எண்ணைப் பற்றியே ஒரு வார்த்தை. பழைய புத்தகங்கள் எல்லாம் 14.7 என்று சொல்லும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று, எடைக்கணக்கில். அது எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு. இன்று நம் பங்குகளில் வருவது இ20. அதன் சமநிலை ஏறத்தாழ 13.5. இதைக் கேட்டதும் மீட்டரில் 13.5-ஐத் தேடக் கூடாது. சென்சார் அளப்பது மிச்சமிருக்கும் ஆக்சிஜனை, அதாவது லாம்டாவை. லாம்டா 1 என்றால் சமநிலை, எந்தப் பெட்ரோலாக இருந்தாலும் சரி. கேஜ் அந்த லாம்டாவை 14.7-ஆல் பெருக்கி உங்களுக்குக் காட்டுகிறது, அவ்வளவுதான். இ20 ஊற்றிய வண்டி உண்மையில் 13.5-ல் ஓடினாலும் கேஜ் 14.7 என்றே சொல்லும். குழப்பமே வேண்டாம், செட்டிங்கில் போய் லாம்டாவுக்கு மாற்றிவிடுங்கள். இ10-க்கு மேப் செய்யப்பட்ட வண்டியில் இ20 ஊற்றினால், சென்சாரைக் கேட்காத இடங்களில் கலவை சுமார் நான்கு சதவீதம் லீனாகும். சைலன்சரை மாற்றியதால் லீன் ஆனது என்று நினைக்கிற பல வண்டிகளில் பாதிக் காரணம் பெட்ரோல் பங்கில் இருக்கிறது.

அடுத்து, எதை வைத்துத் திருத்துவது. ஸ்லிப்-ஆன் சைலன்சர் மட்டும்தான் மாற்றியிருக்கிறீர்கள், கன்வெர்ட்டரும் ஏர் பாக்ஸும் அப்படியே இருக்கின்றன என்றால், என்னுடைய நேரடியான ஆலோசனை: அளந்து பாருங்கள், பெரும்பாலும் ஒன்றும் செய்யத் தேவையிருக்காது. முழு எக்ஸாஸ்ட், திறந்த ஏர் ஃபில்டர், கேம், பெரிய பிஸ்டன் என்று போனால் மேப் மாறித்தான் ஆக வேண்டும். ஈ.சி.யூ.வையே ரீஃபிளாஷ் செய்யலாம், ஈ.சி.யூ.வுக்கும் இன்ஜெக்டருக்கும் இடையில் சிக்னலைத் திருத்தும் பிக்கிபேக் பெட்டி வைக்கலாம், அல்லது தனி ஈ.சி.யூ. போடலாம். பெங்களூருவிலேயே தயாராகும் பவர்ட்ரானிக் போன்ற பெட்டிகள் இந்திய வண்டிகளுக்கென்றே கப்ளரோடு கிடைக்கின்றன.

பிக்கிபேக் போடுகிறவர்கள் தடுக்கி விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. பெட்டி நிதான ஓட்டத்தில் எட்டு சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது என்று வையுங்கள். கம்பெனி சென்சார் அதைப் பார்த்து ரிச் என்று கத்தும். ஈ.சி.யூ. எட்டு சதவீதத்தைக் குறைக்கும். நீங்கள் மறுபடி கூட்டுவீர்கள், அது மறுபடி குறைக்கும். சில நாளில் அதன் நீண்டகாலத் திருத்தக் கணக்கு ஒரு பக்கம் போய் முட்டி, எச்சரிக்கை விளக்கு எரியும். இந்த இழுபறியை முடிக்க இரண்டு வழிகள்தான். ஒன்று, நிதான ஓட்டப் பகுதியை ஈ.சி.யூ.வுக்கே விட்டுவிட்டு அது கேட்காத ஃபுல் திராட்டில் பகுதியை மட்டும் தொடுவது. தினசரி ஓட்டும் வண்டிக்கு இதையே சிபாரிசு செய்வேன், மைலேஜும் கெடாது. இன்னொன்று, சில வைட்பேண்ட் கண்ட்ரோலர்களில் இருக்கும் இரண்டாவது அவுட்புட்டை நேரோபேண்ட் மாதிரி நடிக்கவைத்து, குதிக்கும் புள்ளியை மட்டும் கொஞ்சம் நகர்த்துவது. லாம்டா 0.97-ல் குதிக்கச் செய்தால் ஈ.சி.யூ. தன் வேலையைத் தானே செய்துகொண்டு கலவையை மூன்று சதவீதம் ரிச்சாகப் பிடித்திருக்கும். ஏர்-கூல்டு சிங்கிளில் இதன் நிம்மதி கையில் தெரியும். சென்சார் கப்ளரில் ஒரு ரெசிஸ்டரைச் சொருகி ஏமாற்றும் குச்சி வேலையெல்லாம் எனக்குப் பிடிப்பதில்லை, அது ஈ.சி.யூ.வின் கண்ணைக் கட்டிவிடுகிறது.

சரி, சாலைக்கு வாருங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான் அளவு. ஆர்.பி.எம்., திராட்டில் சதவீதம், லாம்டா, இன்ஜின் வெப்பம் நான்கும் ஒரே லாகில் பதிவாக வேண்டும். ஓட்டும்போது கேஜைப் பார்க்காதீர்கள். பதிவாகட்டும், வீட்டில் உட்கார்ந்து பாருங்கள். ஆள் நடமாட்டமில்லாத பைபாஸ், விடியற்காலை. ஃபுல் திராட்டில் அளவுகளுக்குச் சாலை இடமல்ல. டைனோவோ, இருங்காட்டுக்கோட்டை, செட்டிபாளையம் மாதிரி டிராக்கோதான்.

மேப் என்பது கட்டம் போட்ட அட்டவணை: ஒரு பக்கம் ஆர்.பி.எம்., இன்னொரு பக்கம் திராட்டில். ஒவ்வொரு கட்டத்திலும் வண்டியைச் சில விநாடி அசையாமல் பிடிக்க வேண்டும். 4,000 ஆர்.பி.எம்., 40 சதவீதத் திராட்டில் கட்டத்தில் லாம்டா 0.97 வருகிறது, நீங்கள் விரும்புவது 0.90 என்றால், 0.97-ஐ 0.90-ஆல் வகுங்கள். 1.078. அந்தக் கட்டத்தில் எட்டு சதவீதம் பெட்ரோல் கூட வேண்டும். கணக்கு அவ்வளவு எளிது. ஆனால் முதல் முறை பாதியை மட்டும், நான்கு சதவீதம் போட்டு, திரும்ப ஓட்டிப் பாருங்கள். ஒரு கட்டம் மட்டும் பக்கத்துக் கட்டங்களோடு ஒட்டாமல் மேடாக நின்றால், அது இன்ஜினின் தேவையல்ல, உங்கள் லாகின் பிழை. இன்ஜின் அப்படிப் படி வைத்துக் குதிக்காது.

எந்த எண்ணைக் குறி வைப்பது என்று கேட்பீர்கள். ஏர்-கூல்டு சாலை வண்டிக்கு நான் வைப்பது: ஐடிலிங்கில் 0.93 முதல் 0.97, நிதான ஓட்டத்தில் ஈ.சி.யூ. பார்த்துக்கொண்டால் 1, பார்க்காவிட்டால் 0.95 பக்கம், ஃபுல் திராட்டிலில் 0.86 முதல் 0.90. லிக்விட்-கூல்டு இன்ஜின் இதைவிடக் கொஞ்சம் லீனைத் தாங்கும். 0.82-க்குக் கீழே போனால் பவர் கூடாது, ஆயிலில்தான் பெட்ரோல் இறங்கும்.

ஆக்சிலேட்டரை சடக்கென்று திருகிய நொடியின் லாகை வைத்து மேப்பைத் திருத்தாதீர்கள். திருகிய கணம் காற்று உடனே பாயும், பெட்ரோல் கொஞ்சம் சுவரில் ஒட்டும், புகை சென்சாருக்குப் போய்ச் சேர நேரமாகும்; குறைந்த ஆர்.பி.எம்.மில் அந்தத் தாமதம் இன்னும் அதிகம். லாகில் தெரியும் லீன் முள், உண்மையில் அதற்கு முன் கட்டத்தில் நடந்தது. திருகும்போது வரும் திக்கலுக்கென்று ஈ.சி.யூ.வில் தனி அட்டவணை இருக்கிறது. அடிப்படை மேப் சரியான பிறகு அதைத் தொடுங்கள். லாகில் லாம்டா 1.3, 1.4 என்று திடீரெனத் தாவினால் லீன் என்று பாயாதீர்கள். ப்ளக் அடிக்காத சுற்றில் காற்று எரியாமலே வெளியே வரும், சென்சார் அதை ஆக்சிஜன் என்றுதான் எண்ணும். ரொம்ப ரிச்சாகி மிஸ் ஆகும் இன்ஜினும் மீட்டரில் லீன் காட்டும். அங்கே பெட்ரோலைக் கூட்டினால் சேற்றில் கால் இன்னும் இறங்கும்.

இக்னிஷன் டைமிங்கை லாம்டாவைப் பார்த்து முன்னே தள்ளாதீர்கள். நாக்கிங் ஆகிறதா என்று இந்தச் சென்சார் சொல்லாது. மீட்டர் அழகாக 0.88 காட்டிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் தலையில் ஓட்டை விழலாம்.

மலைக்குப் போகிறவர்களுக்கு: மேட்டுப்பாளையத்திலிருந்து 2,240 மீட்டர் உயர ஊட்டிக்கு ஏறும்போது காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் உள்ள ஈ.சி.யூ. அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைத்துவிடும். திராட்டிலை மட்டும் பார்த்து ஓடும் தனி ஈ.சி.யூ. போட்ட வண்டி குன்னூர் தாண்டியதும் மூச்சுத் திணறும். மேப்பில் தப்பில்லை, அழுத்தத் திருத்தம் ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, விதிக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. கன்வெர்ட்டரை வெட்டி எறிந்த வண்டி டிராக்குக்கு மட்டும்தான். சாலை வண்டியில் வைட்பேண்டை அளக்கும் கருவியாகப் பயன்படுத்துங்கள், மேப்பை மாற்றும் முன் பழைய மேப்பின் நகலை இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள்.

டியூனிங் எல்லாம் வேண்டாம், எச்சரிக்கை விளக்கு எரிகிறது, சென்சார் மாற்றச் சொல்கிறார்கள் என்கிறவர்களுக்கு. பி0135 மாதிரி ஹீட்டர் கோடு வந்தால் முதலில் பியூஸையும் கப்ளரையும் பாருங்கள். நாலு ஒயர் சென்சாரில் பெரும்பாலும் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ஒயர்கள் ஹீட்டருடையவை. மல்டிமீட்டரில் அவற்றுக்கிடையே சில ஓம்கள் வர வேண்டும், ஒன்றுமே வராவிட்டால் சென்சார் போனது. சிக்னல் ஒயரில் ஓம் அளக்காதீர்கள், மீட்டரின் கரண்டே அதைக் கெடுக்கும். சூடான இன்ஜினை 2,000 ஆர்.பி.எம்.மில் வைத்து வோல்ட் பாருங்கள். 0.1-க்கும் 0.9-க்கும் நடுவில் ஊஞ்சலாடினால் சென்சார் நன்றாக இருக்கிறது. பி0171, லீன் என்று கோடு வந்ததற்காகச் சென்சாரை மாற்றுவது, வந்த செய்திக்காகத் தபால்காரரை அடிப்பது. ஜாயிண்ட் லீக்கையும் பெட்ரோல் பிரஷரையும் தேடுங்கள்.

வைட்பேண்ட் வேலை முடிந்ததும் சென்சாரைக் கழற்றி எடுத்துவிடுங்கள். கண்ட்ரோலருக்குக் கரண்ட் இல்லாமல் சென்சார் மட்டும் பைப்பில் கிடந்தால், ஹீட்டர் எரியாமல் கரி படிந்து சீக்கிரமே செத்துப்போகும். பங்கின் வாயில் 18 மி.மீ. போல்ட்டும் செம்பு வாஷரும் போட்டு இறுக்கி, மரையில் கொஞ்சம் ஆன்டி-சீஸ் தடவி வையுங்கள். அடுத்த முறை அளக்க வரும்போது போல்ட் சுலபமாகக் கழன்று வரும்.